மாணவியரின் முயற்சியாண்மை ஆர்வமும் வீட்டு விழுமியங்களும்
– உப்புக்குளத்திலிருந்து ஒரு நோக்கு –

கடந்த தவணையின் கடைசிக் கிழமை. வணிகக் கல்விப் பாடவேளையில் எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "உயர்தரம் முடிந்த பிறகு ஆசிரியராக விரும்புவோர் கை உயர்த்துங்கள்" என்றார். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. வங்கி, கச்சேரி, பிரதேச செயலகம் என்றபோது மீதிக் கைகளில் பெரும்பாலானவை உயர்ந்தன. "சொந்தமாக ஒரு தொழில் தொடங்க விரும்புவோர்?" என்றதும் வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையில் ஒருத்தி கையைப் பாதி உயர்த்தினாள். பக்கத்திலிருந்தவள் சிரித்ததும் இறக்கிக்கொண்டாள்.

முயற்சியாண்மை என்ற அலகை நாங்கள் அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். வரைவிலக்கணமும் முயற்சியாளரின் பண்புகளும் எல்லோருக்கும் மனப்பாடம். பரீட்சையில் அந்த வினா வந்தால் முழுப் புள்ளியும் எடுப்போம். ஆனால் நீ அப்படி ஒருத்தி ஆவாயா என்று கேட்டால் கை எழாது. நானும் கை உயர்த்தவில்லை. அப்போது என் புத்தகப் பையில், பாடக் கொப்பிகளுக்கு நடுவே, உம்மாவின் தையல் வரவு செலவு எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. அது இருந்தும் ஏன் கை எழவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். அந்த யோசனையே இந்தக் கட்டுரை.

ஆர்வம் எங்கிருந்து வருகிறது?

ஒருவர் ஒரு செயலைச் செய்ய எண்ணங்கொள்வது எப்படி என்பதை விளக்கும் கோட்பாடுகளுள் உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991ஆம் ஆண்டு விரிவாக முன்வைத்த 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' முக்கியமானது. மாணவரின் முயற்சியாண்மை எண்ணத்தை ஆராயும் வினாக்கொத்துகள் பலவற்றுக்கு இன்றும் இதுவே அடிப்படை. அவர் மூன்று காரணிகளைக் கூறுகிறார்.

முதலாவது, அச்செயல் நல்லதா கெட்டதா என்று நாம் கொண்டிருக்கும் மனப்பாங்கு. இரண்டாவது, நமக்கு நெருக்கமானவர்கள் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம். மூன்றாவது, 'இது என்னால் முடியும்' என்ற இயலுமை உணர்வு. இம்மூன்றும் ஒத்துவந்தால் எண்ணம் உறுதிப்படும். ஒன்று குறைந்தாலும் எண்ணம் தளரும்.

இதை என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் குறையில்லை. வியாபாரம் இழிவானது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வாப்பா மீன் வியாபாரி. அதிகாலையில் இறங்குதுறைக்குப் போய், வள்ளத்திலிருந்து இறங்கும் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி லொறியில் ஏற்றி அனுப்புவார். வட்டி தடுக்கப்பட்டது, வணிகம் அனுமதிக்கப்பட்டது என்ற பாடத்தைக் குர்ஆன் மத்ரஸாவில் சிறு வயதிலேயே கற்றோம். நபி (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்ததைச் சொல்லாத மீலாத் மேடை இல்லை.

மூன்றாவதிலும் பெரிய குறையில்லை. பெட்டிக்கு எத்தனை கிலோ, ஐஸுக்கு எவ்வளவு, லொறிக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் நான் பத்து வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவை.

தடை இரண்டாவதில் இருக்கிறது. வாப்பா தம் மகளிடம் எதிர்பார்ப்பது வேறு.

"கடையை விட்டுட்டு ஓடலாம்"

நான் முகாமைத்துவம் படித்து, பிறகு உம்மாவின் தையலை ஒரு தொழிலாக வளர்க்கலாமா என்று ஒரு நாள் இராச்சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். வாப்பா உடனே மறுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்: "மகள், கடையை விட்டுட்டு ஓடலாம். படிப்பை விட்டுட்டு ஓட ஏலாது, அது கூடவே வரும். நீங்க டீச்சராகுங்க. மாசம் முடிய சம்பளம் வரும்."

இந்த ஒரு வசனத்துக்குள் எங்கள் ஊரின் வரலாறு இருக்கிறது.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எனப் பல இடங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுக்குள் ஊர்களை இழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உப்புக்குளத்தில் மூடிய கடைகளும் கட்டியிருந்த தோணிகளும் காயப்போட்ட கருவாடும் அப்படியே கிடந்தன. வாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூத்தாப்பாவின் பலசரக்குக் கடைச் சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அவர். அந்தச் சாவிக்குரிய கதவைப் பிறகு அவர் காணவில்லை.

ஆகவே, 'அரச தொழில்தான் பாதுகாப்பு' என்ற விழுமியத்தைச் சோம்பலென்றோ துணிவின்மையென்றோ நான் எழுதமாட்டேன். அது பட்டறிவிலிருந்து வந்தது. முதலீடு அழியும், சான்றிதழ் அழியாது என்பதை அந்தத் தலைமுறை உடலால் கற்றது. புத்தளத்தில் முகாமிலிருந்தபோது, ஊரில் ஆசிரியராக இருந்தவருக்குச் சம்பளம் தொடர்ந்தது. கடை வைத்திருந்தவர் கற்பிட்டியில் பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போனார். இரண்டையும் பக்கத்தில் பார்த்த ஒரு சிறுவன் வளர்ந்து தன் மகளுக்கு எதைச் சொல்வான்?

இடம்பெயர்வு இன்னொன்றையும் கற்பித்தது

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அல்பேர்ட் ஷப்பேரோ, லிசா சோகோல் ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டு எழுதிய ஆய்வொன்றில், மனிதர் தொழில் தொடங்கத் தூண்டப்படும் சந்தர்ப்பங்களைப் பட்டியலிட்டார்கள். வேலை இழத்தல், கணவரை இழத்தல் ஆகியவற்றோடு, பலவந்தமாக ஊரைவிட்டுப் பெயர்க்கப்படுதலும் அதில் உண்டு. வாழ்க்கையின் வழக்கமான பாதை அறுந்துபோகும்போது, புதிய பாதையைத் தானே வெட்டவேண்டிய நிலை வருகிறது. அப்போது அந்தத் தொழில் விரும்பத்தக்கதாகவும் செய்யக்கூடியதாகவும் தெரிந்தால் மனிதர் இறங்குகிறார்கள் என்பது அவர்களின் விளக்கம்.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அன்சாரியான ஸஃத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ அதற்காகப் பிரார்த்தித்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்கத் தொடங்கியவர், பின்னர் பெருஞ்செல்வராகி வாரி வழங்கினார். அகதியாக வந்தவர் முதலில் கேட்டது சந்தைக்கு வழி என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

புத்தளத்து முகாம்களிலும் இது நடந்தது. அங்குள்ள மக்கள் அன்சாரிகளைப் போல இடம் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் யாரும் யாருக்கும் சோறு போட முடியாது. ஓலைக் கொட்டிலுக்குள் பெண்கள் இடியப்பம் அவித்தார்கள், வாடை சுட்டார்கள், பாய் இழைத்தார்கள், ஆடை தைத்தார்கள். உப்புக்குளத்தில் வீட்டு வாசலைத் தாண்டாத பெண்கள் தோட்ட வேலைக்கும் போனார்கள். சிலர் மத்திய கிழக்குக்கும் போனார்கள்.

உம்மா தையல் கற்றது அங்கேதான். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு பெரியம்மாவின் இயந்திரத்தில், பெரியம்மா லுஹர் தொழுதுவிட்டுச் சற்றுத் தூங்கும் நேரத்தில் மிதித்துப் பழகினாராம்.

எனவே ஒரே இடம்பெயர்வு எங்கள் வீட்டில் இரண்டு பாடங்களைக் கற்பித்திருக்கிறது. வாப்பாவுக்கு 'தொழில் அழியும்' என்ற பாடம். உம்மாவுக்கு 'கைத்தொழில் காப்பாற்றும்' என்ற பாடம். முதலாவது பாடம் வாயால் சொல்லப்படுகிறது. இரண்டாவது சொல்லப்படுவதில்லை, செய்யப்படுகிறது. பிள்ளைகளின் ஆர்வத்தை வடிவமைப்பது பெரும்பாலும் வாயால் சொல்லப்படுவதுதான்.

உம்மும்மாவின் கொப்பி

1990இல் உம்மும்மா கையோடு கொண்டுபோன பொருள்களில் ஒன்று கடன் கொப்பி. அவர் உப்புக்குளத்தில் வீட்டிலிருந்தே கருவாடும் பனங்கட்டியும் விற்றவர். யார் எவ்வளவு தரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் பெயரில்லை, 'மூலை வீட்டு ராத்தா', 'கிணத்தடி மாமி' என்ற அடையாளங்கள்தான். முஸ்லிம்களும் அயலிலிருந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். அதற்கு இரண்டு வசனங்கள் முன்னதாக, கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் வருகிறது. உம்மும்மாவுக்கு இரண்டும் தெரியும். எழுதவும் செய்தார், கேட்காமல் விடவும் செய்தார். கடன்பட்டவர்களும் அதே கரையில் அதே முகாமில் இருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது?

"அப்ப ஏன் உம்மும்மா அந்தக் கொப்பியைக் கொண்டு போனீங்க?" என்று கேட்டேன்.

"காசு வரும் எண்டில்ல மகள். நான் இவ்வளவு செய்தேன் எண்டு எனக்குத் தெரியோணுமே" என்றார்.

வணிகக் கல்வி ஏடுகளில் கணக்கு வைப்பதற்கான நோக்கங்கள் பல சொல்லப்படுகின்றன. உம்மும்மா சொன்ன நோக்கம் அவற்றில் இல்லை. தான் செய்ததைத் தானே அறிந்துகொள்வதும் கணக்கின் ஒரு பயன். எங்கள் பெண்களுக்கு அதுதான் முதலில் தேவைப்படுகிறது.

'தாயாரின் தொழில்'

பாடசாலைப் படிவங்களில் 'தாயாரின் தொழில்' என்று ஒரு நிரல் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து நான் அதில் 'இல்லை' என்றே எழுதி வந்தேன். உம்மாவே அப்படித்தான் எழுதச் சொன்னார். ஆனால் நான் அந்தப் படிவத்தை நிரப்பிய பேனையும், அணிந்திருந்த சீருடையும், பின்னேர வகுப்புக்குக் கட்டிய காசும் உம்மாவின் தையலில் வந்தவை. யாராவது கேட்டால் "சும்மா இருக்கிற நேரத்தில கொஞ்சம் தைக்கிறது" என்பார். இரவு பதினொரு மணிக்கும் இயந்திரம் ஓடும். அது சும்மா இருக்கிற நேரமாம்.

இலங்கையில் பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு நீண்ட காலமாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது. ஆண்களின் பங்கேற்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் கணக்கெடுக்க வருபவரிடம் 'சும்மா இருக்கிறேன்' என்று சொல்லும் உம்மாமார் எத்தனை பேர் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். தாயின் உழைப்புக்குப் பெயர் இல்லாத வீட்டில், மகளின் தொழில் ஆசைக்கும் பெயர் கிடைக்காது. கையைப் பாதி உயர்த்தி இறக்கிக்கொண்ட என் தோழியின் உம்மாவும் வீட்டில் கேக் செய்து விற்பவர்தான்.

இது மார்க்கம் தந்த குறையன்று. கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் பெரிய வணிகர். ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பியவர். நம்பிக்கைக்குரியவரைத் தேர்ந்து, இலாபத்தில் பங்கு பேசித் தம் வணிகத்தை ஒப்படைத்தவர். அப்படித்தான் நபி (ஸல்) அவர்கள் அந்த வணிகப் பயணத்தை மேற்கொண்டார்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் தோல் வேலை செய்து, கிடைத்ததைத் தர்மம் செய்தவர். மணமகளுக்குரிய மஹர் அவளுடையது; அவளுடைய சொத்தும் சம்பாத்தியமும் அவளுடையவை. இவற்றை நாம் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் 'பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு வியாபாரம்' என்ற குரலுக்குத் தலையாட்டுகிறோம்.

மூலதனம் எங்கே போகிறது?

சமூக விழுமியங்கள் ஆர்வத்தை மட்டுமல்ல, பணத்தின் பாதையையும் தீர்மானிக்கின்றன. எங்கள் பகுதிகளில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும் என்ற கவலையும் பிறந்துவிடுகிறது. வாப்பாவின் மீன் காசு, வெளிநாட்டிலுள்ள நானாவின் சம்பளம், உம்மா பிடிக்கும் சீட்டு எல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுகின்றன. அதே குடும்பத்தில் ஆண் பிள்ளை ஒரு கடை போடக் கேட்டால் 'பார்ப்போம்' என்ற பதிலாவது கிடைக்கும். பெண் பிள்ளை கேட்டால், 'உனக்குத்தானே வீடு கட்டுறோம்' என்ற பதில் வரும். அது அன்பில் பிறந்த பதில்தான். ஆனால் சுவருக்குள் போன பணம் வருமானம் தருவதில்லை.

கடன் பற்றிய விழுமியம் இன்னொன்று. வட்டிக்கு வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு உறுதி. இதனால் தொழில் தொடங்கும் வாய்ப்பு குறைகிறது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் வாரந்தோறும் தவணை கட்டும் நுண்கடனில் பெண்கள் எவ்வாறு சிக்கினார்கள் என்பதை நாடே பார்த்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலைக்கு அரசாங்கமே வந்தது. அந்த நேரத்தில் வட்டிக்குப் போகாத வீடுகள் தப்பின. இங்கே விழுமியம் தடையாக இருக்கவில்லை; வேலியாக இருந்தது.

வேலி போட்டால் படலையும் வைக்க வேண்டும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு இலாபத்தைப் பங்கிடும் முழாரபா, இருவரும் முதலிட்டுக் கூட்டாகச் செய்யும் முஷாரகா ஆகிய வழிகள் மார்க்கத்தில் உள்ளன. இலங்கையில் 2011ஆம் ஆண்டிலிருந்து முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்றும் இயங்குகிறது. ஆனால் இவை எல்லாம் எங்களுக்குப் பாடக்குறிப்பாக மட்டுமே தெரியும். இரண்டு சகோதரிகள் சேர்ந்து ஒரு தையல் இயந்திரம் வாங்கி, இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கையொப்பமிட எங்களுக்குத் தெரியாது.

ஓர் அபாயாவின் கணக்கு

இனி, என் பையில் இருந்த அந்தக் கொப்பிக்கு வருகிறேன். பாடத்தில் படித்த விலையிடலை உம்மாவின் தையலில் செய்து பார்த்தேன். ஓர் அபாயாவுக்குத் துணி 3,200 ரூபா. நூல், பொத்தான், அலங்காரம் 300 ரூபா. மின்சாரமும் இயந்திரப் பழுதுக்கு ஒதுக்குவதும் 100 ரூபா. மொத்தம் 3,600 ரூபா. உம்மா அதை 4,200 ரூபாவுக்குக் கொடுக்கிறார். மிச்சம் 600 ரூபா. வெட்டித் தைத்து, கையால் ஓரம் மடித்து முடிக்க ஆறு மணித்தியாலம். அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு 100 ரூபா. உம்மா இரவு விழித்திருந்து சம்பாதிப்பது அவ்வளவுதான்.

இதை எழுதிக் காட்டியபோது உம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கூட்டிக் கேக்கலாமே உம்மா" என்றேன்.

"எல்லாம் சொந்தக்காரங்க மகள். எப்படிக் கேக்குறது? ஒருத்தி மாமிட மகள், ஒருத்தி உங்கட சாச்சி" என்றார்.

இங்கேதான் விழுமியத்தின் இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிகின்றன. உம்மாவுக்கு விளம்பரமே தேவையில்லை. சொந்தமும் அயலும் அவரை நம்பி வருகின்றன. அந்த நம்பிக்கை பெரிய மூலதனம். ஆனால் அதே சொந்தம்தான் விலையைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. உறவை முறிக்காமலும் உழைப்பை இழக்காமலும் வியாபாரம் செய்வது எப்படி என்பதே எங்கள் ஊர்ப் பெண்களின் உண்மையான முயற்சியாண்மைப் பாடம். அது எந்த அலகிலும் இல்லை.

நாங்கள் ஒரு வழி செய்தோம். விலைப் பட்டியல் ஒன்றை அழகாக எழுதி, இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டினோம். எல்லோருக்கும் 4,800 ரூபா. சொந்தத்தில் கஷ்டப்பட்டவர் வந்தால் உம்மா விரும்பியதைக் குறைக்கலாம். ஆனால் குறைத்த தொகையைக் கொப்பியில் 'ஸதகா' என்று தனி நிரலில் எழுதவேண்டும். முதல் மாதம் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் வேறிடம் போனார். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொடுத்தார்கள். வாயால் கேட்க வெட்கமாக இருந்ததைச் சுவர் கேட்டது.

விழுமியங்களை மாற்றத்தான் வேண்டுமா?

கீழைத்தேய மக்களின் மரபும் நம்பிக்கையும் தொழில் முயற்சிக்குத் தடை என்று ஒரு கருத்து நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லிலண்ட் 1960களின் நடுப்பகுதியில் ஆந்திரத்தின் காக்கிநாடா நகரைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார். 'அடைவு ஊக்கத்தை' வளர்க்க முடியுமா என்பதே அவரது வினா. பயிற்சி பெற்றவர்களிடம் பின்னர் தொழில் முனைப்பு கூடியிருந்தது. மரபு நம்பிக்கைகள் அதற்குத் தடையாகவும் இருக்கவில்லை. தகுந்த பயிற்சி இருந்தால், நம்பிக்கையை விடாமலே முயற்சியாளர் ஆகலாம் என்பது அதன் பாடம்.

எங்கள் விழுமியங்களுள் பொய் அளவை கூடாது, வாக்குத் தவறக்கூடாது, வட்டி கூடாது, உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக்கூடாது என்பவை எல்லாம் நல்ல தொழிலுக்கான விதிகளே. மாற்ற வேண்டியவை இவை அல்ல. 'பெண்ணின் உழைப்பு சும்மா இருக்கிற நேரம்', 'தோற்றால் ஊர் சிரிக்கும்' என்ற வழக்கங்களை விழுமியம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் மாற்ற வேண்டும். மார்க்கம் எது, வழக்கம் எது என்று பிரித்தறிவது படித்த பெண்களாகிய நமது பொறுப்பு.

பாதுகாப்பு என்ற வாப்பாவின் வாதத்துக்கும் ஒரு பதில் வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது என்ன நடந்தது? அவ்வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 253 ரூபா கூடி 340 ரூபாவானது. எங்கள் ஊர் வள்ளங்கள் கரையில் கிடந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது, மாதச் சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. ஆனால் அது வாங்கிய அரிசி குறைந்துபோனது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டை ஓட்டியது மீனும் அல்ல, சம்பளமும் அல்ல. பழைய ஆடைகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுத்த உம்மாவின் இயந்திரம்தான். வாப்பாவுக்கும் இது தெரியும். ஆனால் அதை அவர் 'தொழில்' என்று அழைக்கவில்லை. 'உம்மா சமாளிச்சா' என்றார்.

என்ன செய்யலாம்?

ஆசிரியத் தொழிலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. இந்தக் கட்டுரையே ஓர் ஆசிரியையின் கேள்வியில் பிறந்ததுதான். எல்லோரும் வியாபாரிகளாக வேண்டும் என்றும் சொல்லவில்லை. விரும்புகிறவள் கையைப் பாதியில் இறக்கக்கூடாது என்பதே என் வேண்டுதல். அதற்கு நம்மால் முடிந்த சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் நடக்கும் சிறு தொழில் ஒன்றுக்கு மூன்று மாதம் கணக்கு எழுதிப் பார்க்கட்டும். கேக், தையல், கருவாடு, கோழி, எதுவானாலும் சரி. உழைத்த நேரத்தையும் எழுதவேண்டும். வீட்டுச் செலவுப் பணமும் தொழிற் பணமும் கலக்கக்கூடாது. கணக்கீட்டுப் பாடத்தில் தனியுரு எண்ணக்கரு என்று படிப்பது இதைத்தான்.

இரண்டாவது, நமது கல்லூரி மன்றங்கள் சாதனை படைத்த பெரிய மனிதர்களை மட்டும் அழைக்காமல், ஊரில் சிறு தொழில் செய்யும் ஓர் உம்மாவையும் மேடைக்கு அழைக்கட்டும். அவர் நட்டப்பட்ட கதையையும் சொல்லட்டும். தோல்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கே தோல்விப் பயம் குறையும்.

மூன்றாவது, வீட்டில் வாதாடுவதைவிடக் காட்டுவது நல்லது. நான் வாப்பாவிடம் வாதாடி ஒன்றும் நடக்கவில்லை. கொப்பியைத்தான் காட்டினேன்.

மூன்று மாதக் கணக்கை வாப்பா ஓர் இரவு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மீன் கணக்குப் பார்ப்பதுபோல விரலை வரி வரியாக வைத்துக் கூட்டினார். ஓரிடத்தில் நான் விட்ட பிழையையும் கண்டுபிடித்தார். 'ஸதகா' நிரலில் விரல் சற்று நின்றது. பிறகு கொப்பியை மூடி என்னிடம் தந்து, "ஐஸுக்குக் கணக்கு எழுதுறமாதிரி மழை நாளுக்கும் ஒண்டு ஒதுக்குங்க மகள்" என்றார். 'ஆம்' என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆசிரியர் கல்லூரி விண்ணப்பம் பற்றியும் பேச்சு முடியவில்லை. இன்ஷா அல்லாஹ், பெறுபேறு வந்த பிறகு அது முடிவாகும்.

வாப்பா சொன்னது சரிதான். படிப்பை விட்டுவிட்டு ஓட முடியாது. ஆனால் கைத்திறனையும் கணக்கறிவையும் விட்டுவிட்டு ஓட முடியாது என்பதற்கு உம்மும்மாவும் உம்மாவும் சாட்சி. அவர்கள் கரையைக் கடந்தபோது கூட வந்தவை அவைதான்.

இந்தத் தவணை புதிய படிவம் ஒன்று தந்தார்கள். 'தாயாரின் தொழில்' என்ற நிரலுக்கு வந்ததும் உம்மாவைக் கேட்காமலே எழுதினேன்: 'தையல் தொழில், சொந்தம்.' கையொப்பமிட வந்த உம்மா அதை வாசித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

அன்புச் சகோதரிகளே, உங்கள் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.